கறிக்கோழித் தாதுவியல்

பாயிரம்

கொங்கு நாட்டில் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடைப்பட்ட வெளியில், வெயில் உள்ளே விழாதபடி கிழமேலாக நீண்டு கிடக்கும் கொட்டகைகளில் வாழ்வது கறிக்கோழி. அதன் ஆயுள் ஐந்து அல்லது ஆறு வாரம். அதற்குள் மூன்று கிலோவும் சொச்சமும் தீவனம் தின்று, இரண்டு கிலோ எடை ஏறி, கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு (பி.சி.சி.) அன்று அறிவித்த விலைக்கு லாரி ஏறிவிடும். அந்தத் தீவனத்தைச் சூளையில் இட்டு எரித்தால் எரியாமல் சாம்பலாய் எது மிஞ்சுமோ அதுவே இந்நூல் நுவலும் பொருள். புரதத்தைப் பேசியோர் பலர், மாவுச்சத்தைப் பேசியோர் அதனினும் பலர். சாம்பலைப் பேச ஆளில்லாமல் கிடந்தது. ஆகவே இந்நூல் எழுந்தது.

‘செலினியமும் அயோடினும் சூளைச் சூட்டில் ஆவியாகி ஓடிவிடுமே, அவை சாம்பலில் எப்படி அடங்கும்?’ எனின், இலக்கணம் பெரும்பான்மை பற்றியது என்க.

இத்துறைக்கு மூலநூல், அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட கோழித் தீவன அட்டவணை. கறிக்கோழிக்கு முதல் மூன்று வாரம் கால்சியம் 1.0 சதம், பைட்டேட்டில் சிக்காத பாஸ்பரஸ் 0.45 சதம், அடுத்த மூன்று வாரம் 0.9, 0.35. சோடியமும் குளோரைடும் தலா 0.20இல் தொடங்கி 0.15க்கு இறங்கும். நுண்தாதுக்களில் கிலோவுக்கு இரும்பு 80 மில்லிகிராம், மாங்கனீசு 60, துத்தநாகம் 40, தாமிரம் 8, அயோடின் 0.35, செலினியம் 0.15. இன்றுவரை ஆய்வேடு எழுதுவோர் முதலில் வணங்கும் நூல் இதுவே.

இடையில் கோழி மாறிக்கொண்டே இருக்கிறது. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 1957ஆம் ஆண்டின் இனத்தையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். நாலரை மடங்குச் சதையைத் தூக்கிச் சுமக்க அதே இரண்டு கால்தான். இந்நூலில் எலும்புக்கு ஏன் இத்தனை முன்னுரிமை என்று கேட்போர் அந்த இரு எண்களையும் இன்னொரு முறை படிக்கவும்.

இனிப் பகுப்பு. முன்னையோர் தாதுக்களைப் பெருந்தாது, நுண்தாது என அளவு பற்றி இரண்டாக வகுத்தனர். அது பொருந்தாது. என்னை? மூலநூல் கணக்குப்படி ஒரு கறிக்கோழி தன் ஆயுள் முழுதும் தின்னும் செலினியம் அரை மில்லிகிராம். கால்சியம் முப்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்னதைக் கண்ணால் பார்க்க முடியாது, பின்னதைக் கையில் அள்ளலாம். ஆனால் எது இல்லாமல் போனாலும் கோழி படுத்துவிடும். மற்றொரு சாரார் எலும்புக்கு உரியன, உடல்நீருக்கு உரியன, நொதிக்கு உரியன என மூன்றாக்குவர். பாஸ்பரஸ் மூன்று வீட்டிலும் குடியிருப்பதால் அதுவும் வழு.

ஆதலின், தீவன மில்லின் வாசலில் நின்று, எது எப்படி உள்ளே வருகிறது என்று பார்த்தே இந்நூல் பகுக்கும். மூட்டையில் வருவன, பொட்டலத்தில் வருவன, வந்தும் வராதன, அழையாமல் வருவன என வகை நான்கு.

மூட்டை வகை

இதில் அடங்குவன சுண்ணாம்புக்கல் தூள், டி.சி.பி., உப்பு. மூன்றும் வெள்ளை. மூன்றும் மில்லில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்படும். மூட்டையை மாற்றிக் கொட்டிய கதை ஏதேனும் ஒன்று இல்லாத மில்காரர் இல்லை.

சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் 38 சதம் அளவில் உண்டு. விலை மலிவு. மக்காச்சோளத்தில் கால்சியம் 0.02 சதம்தான், அதாவது தீவனத்தில் பாதிக்கு மேல் இடம் பிடிக்கும் தானியம் எலும்புக்கு என்று கொண்டுவருவது ஒன்றுமில்லை. நாட்டுக்கோழி இதைச் சுவரில் உதிரும் காரையைக் கொத்தியும், முட்டையோட்டைப் பொறுக்கியும் தானே சரிக்கட்டிக்கொள்ளும். கொட்டகைக் கோழிக்குக் கொத்தச் சுவர் கிடையாது, வலைக்கம்பிதான் உண்டு.

மலிவு என்பதாலேயே இது ஆபத்தும் ஆகும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதம். ஓடு செய்ய வேண்டிய கோழிக்கு அது நியாயம். அந்தத் தீவனம் தவறிக் கறிக்குஞ்சுக்குப் போனால் சிறுநீரகம் தாங்காது. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெண்பொடி தூவியது போல் யூரிக் அமில உப்பு படிந்திருக்கும். பண்ணைக்காரர்கள் இதை ‘கவுட்’ என்றே சொல்வார்கள். தண்ணீர் கிடைக்காமல் போனாலும், பூஞ்சை நஞ்சு ஏறினாலும், சில வைரஸ்களாலும் இதே காட்சி வரும். எனவே வெண்பொடியைக் கண்டதும் சுண்ணாம்பின் மேல் பழி போடுவது அவசரம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கிலோ தீவனத்தை அனுப்பிவிட்டுப் பழி போடுவது முறை.

டி.சி.பி. என்பது டைகால்சியம் பாஸ்பேட். பாஸ்பரஸ் 18 சதம், கூடவே கால்சியம் 20 சதத்துக்கு மேல். மூட்டை வகையில் உயர்குடி இதுவே. உயர்குடி எங்கும் சந்திக்கும் சிக்கல் இதற்கும் உண்டு, போலிகள். சுண்ணாம்புத் தூளை டி.சி.பி.யில் கலந்துவிட்டால் நிறத்தாலோ தொடுகையாலோ கண்டுபிடிக்க இயலாது. ஆனால் ஒரு சிட்டிகையை எடுத்து அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால், நல்ல டி.சி.பி. சத்தமில்லாமல் கரையும், சுண்ணாம்பு நுரைத்துப் பொங்கும். இந்தத் துறையில் ஒரு தாது தன் வாயால் உண்மை சொல்லும் ஒரே தருணம் இது.

பாஸ்பரஸ் குறைந்த குஞ்சை அடையாளம் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். அதன் அலகை விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல அழுத்தினால் ரப்பராய் வளையும். கணைக்காலை முறித்தால் ‘சடக்’ என்று ஒடியாது. நார் போல் மடங்கும். விலா எலும்பு முதுகெலும்போடு சேருமிடத்தில் மணி கோத்தது போல் முடிச்சுகள் தெரியும். கால்சியம் குறைந்தாலும், வைட்டமின் டி குறைந்தாலும் அப்படித்தான். கொட்டகையில் இதை வகைபிரித்துப் பேசுவதில்லை.

‘ஏனுங் தம்பி, பதினெட்டு நாளாச்சு, ஒரு பத்துக் கோழி உக்காந்தே திங்குதுங்களே?’

‘கால்வாதமுங்கய்யா. நாளைக்குத் தண்ணில கால்சியம் விட்ருவோம்.’

கம்பெனி சூப்பர்வைசரின் இந்த விடையை இந்நூல் ‘பொதுவிடை’ என்று குறித்துக்கொள்கிறது. எந்தக் காலுக்கும் அது பொருந்தும். பாதிக் கால்களுக்கு அது உதவவும் கூடும்.

உப்பு மூன்றாவது. டன்னுக்கு மூன்று கிலோ அளவில் போடுவார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1374 அரை சதத்துக்கு மேல் கூடாது என்கிறது. உப்புக் குறைந்தால் கோழி ஒன்றையொன்று கொத்தும், எடை ஏறாது. கூடினால் தண்ணீர் குடிக்கும், குடித்தது எச்சத்தில் இறங்கும், தரையில் விரித்த தென்னை நார்க்கழிவு சேறாகும், பாதம் புண்ணாகும், அம்மோனியா கண்ணை எரிக்கும். ஒரு பிடி உப்பின் கணக்கு கடைசியில், கம்பெனி பண்ணைக்காரருக்குத் தரும் வளர்ப்புக் கூலியில் வந்து நிற்கிறது. சில பெரியவர்கள் தீவனத்தில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு இரத்தக்கொதிப்பு உண்டா என்பது வேறு ஆய்வு.

பொட்டல வகை

சூத்திரம்: டன்னில் கலப்பதைத் தவிடு சுமக்கும்.

உரை: 0.15 மில்லிகிராம் விகிதத்தில் ஒரு டன் தீவனத்துக்கு வேண்டிய செலினியம் 150 மில்லிகிராம். சோடியம் செலினைட்டாக எடுத்தால் அரைக் கிராமுக்கும் கீழ். அரைக் கிராமை ஆயிரம் கிலோவில் நேரே வீசினால், எங்கோ ஒரு கோழி நஞ்சுண்டு சாகும், மீதிப் பேருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே தவிட்டிலோ சுண்ணாம்புத் தூளிலோ முதலில் கலந்து, அதை இன்னும் கொஞ்சத்தில் கலந்து, படிப்படியாகப் பெருக்கிப் பொட்டலமாக்குவர். இதுவே பிரீமிக்ஸ். பொட்டலத்தைக் கிழித்து உற்றுப் பார்த்தால் பழுப்புப் பொடியினூடே ஆங்காங்கே நீலப் பொறி தெரியும். அது மயில்துத்தம். இளம்பச்சையாய்த் தெரிந்தால் அன்னபேதி. இரும்பு, தாமிரச் சல்பேட்டுகளுக்கு நாட்டு மருந்துக்கடைக்காரர் வைத்திருக்கும் பெயர்களை விடப் பொருத்தமாய்ப் பிரீமிக்ஸ் கம்பெனியால் வைக்க முடியவில்லை.

பொட்டலத்துக்குள் முதல் மரியாதை மாங்கனீசுக்கு. இது குறைந்தால் குதிகாலின் பின்னுள்ள தசைநார் தன் பள்ளத்திலிருந்து நழுவி ஒரு பக்கம் போய்விடும். கால் வெளியே திரும்பிக்கொள்ளும், கோழி நொண்டும். இதற்குப் பெரோசிஸ் என்று பெயர். 1930களில் எலும்பு பலப்பட வேண்டும் என்று கோழிக்குத் தாராளமாய்க் கால்சியமும் பாஸ்பரசும் கொடுத்தவர்களின் பண்ணையில் இந்த நோய் கூடிற்று. 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நாரிஸ், ஹியூசர் மூவரும் காரணம் சொன்னார்கள்: குறைந்தது மாங்கனீசு. எலும்புத் தாது மிகுந்தபோது அந்தக் கொஞ்ச மாங்கனீசையும் குடலில் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. காலுக்காகக் கொடுத்தது காலையே திருப்பிய இந்தச் செய்தியைப் பின்வரும் பகையியலில் மறுபடி காண்க.

செலினியத்தின் வரலாறு தனி. 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் செலினியம் செறிந்த மண்ணில் விளைந்ததைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு கழன்றது. ஆகவே அது நஞ்சு என்றே குறிக்கப்பட்டது. 1957இல் ஷ்வார்ட்ஸ், ஃபோல்ட்ஸ் இருவரும் எலிகளில் அது அவசியம் என்று காட்டினார்கள். அதே ஆண்டில், தோலுக்கடியில் நீலப்பச்சை நீர் கோத்துச் சாகும் கோழிக்குஞ்சுகளையும் அது காப்பது தெரிந்தது. ஆனாலும் கோழித் தீவனத்தில் சேர்க்க அமெரிக்க அரசு அனுமதி தந்தது 1974இல்தான். நஞ்சு என்ற பெயர் போக இத்தனை ஆண்டு.

துத்தநாகம் குறைந்தால் இறகு கிழியும், கால்தோல் செதில் விடும். தாமிரம் தேவைக்குப் பதினைந்து மடங்கு போட்டால் குடல் நுண்ணுயிர் அடங்கி வளர்ச்சி கூடும் என்று போடுவோர் உண்டு; அளவு மீறினால் இரைப்பை உள்தோல் அரித்துப்போகும். இரும்பும் அயோடினும் பெரும்பாலும் ஒழுங்காய் நடந்துகொள்பவை. ஒழுங்காய் இருப்போருக்கு எந்த நூலிலும் பத்தி அதிகம் கிடைப்பதில்லை. கோபால்ட் வைட்டமின் பி12இன் உள்ளும், கந்தகம் மெத்தியோனினின் உள்ளும் ஒளிந்து வருவதால் அவற்றை மாறுவேட இனம் எனத் தள்ளி வைக்கிறோம்.

வந்தும் வராதன

சூத்திரம்: இருப்பது எல்லாம் கிடைப்பது அன்று.

உரை: மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் பாஸ்பரஸ் இல்லாதவை அல்ல. சோளத்தில் கிட்டத்தட்ட 0.28 சதம், சோயாவில் 0.6க்கு மேல். ஆய்வுக்கூடச் சீட்டில் இது பெருமையாக அச்சாகும். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் பைட்டிக் அமிலத்தின், அதாவது பைட்டேட்டின், பிடியில் இருக்கிறது. ஆறு பாஸ்பேட்டுகளை ஒரு வளையத்தில் பூட்டி, முளைக்கும்போது நாற்றுக்குக் கொடுக்கலாம் என்று விதை எடுத்து வைத்த சேமிப்பு அது. விதையின் திட்டத்தில் கோழிக்கு இடமில்லை. பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதி கோழிக் குடலில் போதிய அளவு சுரப்பதும் இல்லை. எனவே அந்தப் பாஸ்பரஸ் வாய் வழி புகுந்து, சுற்றிப் பார்த்து, எச்சத்தில் வெளியேறுகிறது. மூலநூல் ‘பைட்டேட் அல்லாத பாஸ்பரஸ்’ என்று தனியாய்க் கணக்கிட்டது இதனால்தான்.

இந்த வகைக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கோழி வாங்கிக்கொள்ளாத பாஸ்பரஸ் எருவில் சேரும், எருவிலிருந்து நிலத்துக்கும் நீருக்கும் போகும். நெதர்லாந்தில் இது ஏரிகளைக் கெடுக்கத் தொடங்கியபோது அரசு இறுக்கிப் பிடித்தது. 1991இல் பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸ் அங்கே விற்பனைக்கு வந்தது. இன்று பல்லடத்து மில்லிலும் அது தொட்டிலில் கிடத்திய குழந்தை போல் தனி அலமாரியில், வெயில் படாமல் வைக்கப்பட்டிருக்கும். அதைச் சேர்த்தால் டி.சி.பி.யைக் குறைக்கலாம். சுற்றுச்சூழல் பற்றிப் பேசாத மில்காரரும் இந்தக் கணக்கைத் தவறாமல் போடுவார்.

பகையியல்

மேற்சொன்ன மூன்று வகையும் சாக்கில் இருக்கும்வரை நல்லுறவோடு இருப்பன. குடலில் ஈரம் பட்டதும் பழைய கணக்குகளைத் தீர்க்கத் தொடங்கும்.

கால்சியம் கூடினால் பைட்டேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகும். பைட்டேஸ் நொதிக்கு அது எட்டாது. பைட்டேஸ் வாங்கியவர் சுண்ணாம்பையும் அளந்தாக வேண்டும். சுண்ணாம்பு நைசாய் அரைபட்டிருந்தால் சீக்கிரம் கரைந்து இந்தச் சண்டையை விரைவில் மூட்டும். குருணையாய் இருந்தால் தாமதிக்கும். பைட்டேட் துத்தநாகத்தையும் பிடித்து வைக்கும், கால்சியம் அதற்குத் துணை நிற்கும். கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்து மாங்கனீசை மறிப்பது முன்னே சொல்லப்பட்டது. ஆகவே ‘கால்வாதமா, கால்சியம் விடு’ என்ற பொதுவிடை சில நாட்களில் நோயை வளர்ப்பதாகவும் முடியும். இந்நூலின் கருத்தை ஒரே வரியில் கேட்போர்க்கு: தீவன அட்டவணையின் எண் சாக்கில் இருப்பதைச் சொல்கிறது, எலும்பில் ஏறுவதை அந்தச் சாக்கின் மற்ற எண்கள் தீர்மானிக்கின்றன.

பகையியலின் சித்திரைப் பதிப்பு ஒன்று உண்டு. கத்திரி வெயிலில் கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்க இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி இரத்தம் காரமாகும். அப்போது சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கூட்டிக் குளோரைடைக் கழித்து ஒரு சமநிலை பார்ப்பார்கள்; கிலோவுக்கு 250 மில்லி ஈக்குவலன்ட் அளவில் நிறுத்துவது வழக்கம். உப்பைக் குறைத்து, அந்த இடத்தில் சோடா உப்பைச் சேர்த்தால் குளோரைடு இல்லாமல் சோடியம் கிடைக்கும். ஆப்பத்துக்குப் போடுகிற அதே சரக்குதான். மில்லில் அது சோடியம் பைகார்பனேட் என்று பெயர் மாற்றிக்கொண்டதும் விலைப்பட்டியலில் தனி வரி பெறுகிறது.

அழையாமல் வருவன

இவ்வகையின் தலைவன் மணல். கடற்கரையில் காயவைத்த மீன் கருவாடாகி, தூளாகி, மூட்டையாகி வரும்போது கடற்கரையின் ஒரு பகுதியும் கூடவே வரும். ஆய்வுக்கூடம் அதற்கு ‘அமிலத்தில் கரையாச் சாம்பல்’ என்று மரியாதையான பெயர் கொடுக்கும். மரியாதை இல்லாமல் பார்க்க வேண்டுமானால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்கி வைத்தால் போதும். அடியில் எது உட்காருகிறது என்று தெரியும். தாதுக்களிலேயே மீன் விலைக்கு விற்கும் தாது இது ஒன்றே. கருவாட்டோடு வரும் உப்பும் இதே குலம். மில்லில் அளந்து போட்ட மூன்று கிலோவைக் கேலி செய்வதற்காகவே அது வருகிறது.

பாறைப் பாஸ்பேட்டோடு ஃபுளோரின் வரும். அதை நீக்காத சரக்கு எலும்பில் சேர்ந்து கெடுதி செய்யும். ஆர்சனிக் வேறு கதை. அது அழையாமல் வரவில்லை, அழைத்தே வந்தது. ராக்சர்சோன் என்னும் ஆர்சனிக் கூட்டுப்பொருளைக் கோழித் தீவனத்தில் சேர்க்க அமெரிக்காவில் 1944இல் அனுமதி தந்தார்கள். 2011இல் விற்பனையை நிறுத்தினார்கள். சித்தர் மரபில் பாடாண வரிசையில் வைத்த ஒன்றை அவ்வளவு காலம் வளர்ச்சிக்காகப் போட்டார்கள் என்பதை எந்த வகையில் அடக்குவது என்று தெரியாததால், வகைக்குள் அடங்காதது எனக் குறித்து நகர்கிறோம்.

எஞ்சியது தண்ணீர். கோழி தின்பதைப் போல் இரண்டு மடங்கு எடைக்குக் குடிக்கும், கோடையில் அதற்கும் மேல். போர்த் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு எதையும் தீவன அட்டவணை அறியாது. மில்லில் கிராம் கணக்காய் அளந்தவை எல்லாம் நிப்பிள் குழாயின் முனையில் திருத்தப்படுகின்றன. ஒரே கம்பெனியின் ஒரே சாக்குத் தீவனம் ஒரு தோட்டத்தில் காய்ந்த தரையும், அடுத்த தோட்டத்தில் சேறும் தருவதற்கு இது ஒரு காரணம். கூலி குறைந்தால் பண்ணைக்காரர் தீவனத்தைச் சொல்வார், கம்பெனி பராமரிப்பைச் சொல்லும். தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு யாரிடமும் இராது.

ஒழிபு

கறிக்கடையில் இருந்து வரும் ஒரு வினாவுக்கும் இந்நூல் விடை சொல்லக் கடமைப்பட்டது. குளிரில் வைத்து எடுத்துச் சமைத்த கறியில் கால் எலும்பை ஒட்டிய சதை கருத்திருந்தால் ‘பழைய கறி’ என்று சண்டை வருகிறது. ஐந்து வாரக் கோழியின் எலும்பு முழுதாய்ச் சுண்ணாம்பேறி இறுகியிருக்காது. அதன் நுண்துளைகள் வழியே மஜ்ஜையின் செம்பொருள் கசிந்து, உறைந்து, அடுப்பில் கருக்கிறது. கறி பழையதாய் இருக்க வேண்டியதில்லை. கோழி இளையதாய் இருந்தாலே போதும்.

‘ஏனுங்க, நல்லியெல்லாம் கருப்பா இருந்துச்சுங்களே?’

‘அது எலும்பு ரத்தமுங்கக்கா. காலைலதான் வெட்டுனது.’

கடைக்காரர் அறியாமலே சொன்ன இந்த விடை, கொட்டகையில் கேட்ட பொதுவிடையை விட மூலநூலுக்கு நெருக்கமானது. அக்கா நம்பினாரா என்பது தெரியவில்லை. அடுத்த வாரம் நாட்டுக்கோழிக்கு விலை கேட்டார். கிலோ விலையைச் சொன்னதும் மறுபடி கறிக்கோழியிலேயே ஒன்றரைக் கிலோ, தோல் நீக்கி, கால் இல்லாமல் போடச் சொன்னார்.